சாய்த்து வைத்த சதுரம்: சிறு பிள்ளைகளுக்கு வடிவங்களையும் கோணங்களையும் கற்பிக்கும் முறை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அட்டையில் வெட்டிய சதுரம் ஒன்றைக் காட்டினால், வகுப்பே ஒரே குரலில் "சதுரம்" என்று சொல்லும். அதே அட்டையைக் கையிலிருந்து கீழே வைக்காமல், ஒரு மூலை தரையைப் பார்க்குமாறு மெல்லத் திருப்பினால், அந்தக் குரல்களில் பல "டைமண்ட்" என்று மாறிவிடும். அட்டையில் ஒரு நூலளவும் மாறவில்லை. பக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளைகள் சொன்னது பிழைதான் என்றாலும், அந்தப் பிழையைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் நாம்தான். பணியில் சேர்ந்த புதிதில் நான் இரவு கண்விழித்து வண்ணத்தாள் ஒட்டிச் செய்த சார்ட்டில், முக்கோணம் கோபுரத்தைப்போல அடி அகன்று உச்சி மேலே பார்க்க நின்றது; செவ்வகம் பாய் விரித்ததுபோலப் படுத்திருந்தது; சதுரம் பெட்டியைப்போல அமர்ந்திருந்தது. அதையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், தலைகீழாக வரைந்த முக்கோணத்தை "இது வேற, டீச்சர்" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்தபோது, கோபப்பட வேண்டியது யார்மேல் என்பது விளங்கியது.

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலோ வகுப்பிலோ வடிவங்களையும் கோணங்களையும் சொல்லிக்கொடுக்க விரும்புவோருக்காக, அந்தச் சார்ட்டைக் கழற்றிய பின் நான் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். வடிவத்தை எப்போதும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும்; திருப்பியபோதும் மாறாமல் இருப்பது எது என்பதைப் பிள்ளையே கண்டு சொல்ல வேண்டும்; பிறகு, அந்தத் திருப்பத்துக்கே ஓர் அளவு உண்டு, அதன் பெயர்தான் கோணம் என்று அறிமுகப்படுத்த வேண்டும். வடிவம் ஒரு பாடம், கோணம் வேறொரு பாடம் என்று ஆண்டுக்கணக்கில் பிரித்து நடத்தும் வழக்கத்தைவிட இது பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கிறது.

நெதர்லாந்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதியர் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில், வடிவியல் அறிவு படிப்படியாக வளரும் விதத்தை விளக்கினார்கள். முதற்படியில் பிள்ளை வடிவத்தை ஓர் ஆளின் முகத்தை அடையாளம் காண்பதுபோல முழுத் தோற்றத்தால் அறிகிறது. கதவைப்போல இருப்பதால் அது செவ்வகம், அவ்வளவுதான். அடுத்த படியில் பக்கங்களையும் மூலைகளையும் எண்ணி, ஒப்பிட்டு, பண்புகளால் அறிகிறது. ஒரு வடிவத்துக்கும் இன்னொரு வடிவத்துக்கும் உள்ள உறவை ஆராய்வது அதற்கும் மேலே உள்ள படி. வயது ஏறினால் படி தானாக ஏறிவிடாது, கிடைக்கும் அனுபவமும் கற்பிக்கும் விதமுமே ஏற்றிவிடும் என்று அவர்கள் சொன்னது ஆசிரியருக்கு முக்கியமானது. சாய்ந்த சதுரத்தை "டைமண்ட்" என்னும் பிள்ளை முதற்படியில் நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம் இலக்கணத்தை மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒப்பிக்கும். அட்டையைத் திருப்பினால் மறுபடியும் "டைமண்ட்" என்றுதான் சொல்லும்.

கையில் பிடிக்கும் பொருளிலிருந்து தொடங்குதல்

தாளில் வரைந்த வட்டத்தையும் சதுரத்தையும் முதற்பாடமாக வைக்காமல், கையில் பிடித்து உருட்டக்கூடிய, அடுக்கக்கூடிய பொருள்களிலிருந்து தொடங்குவதே நல்லது. மழலையர் பள்ளி என்னும் எண்ணத்தை 1837இல் ஜெர்மனியில் செயல்படுத்தத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், பிள்ளைகளின் கையில் முதலில் கொடுத்தவை பந்து, உருளை, கனசதுரம் போன்ற பொருள்கள்தான். நமக்கு அவற்றை விலைக்கு வாங்க வேண்டிய தேவையே இல்லை. எலுமிச்சை, கோலிக்குண்டு, தீப்பெட்டி, டம்ளர், பேட்டரி, தாயக்கட்டை, சோப்புப் பெட்டி, ஐஸ்கிரீம் கூம்பு என்று ஒரு கூடை நிறையச் சேர்த்துவிடலாம். சாய்த்து வைத்த பலகையின்மேல் ஒவ்வொன்றாக விட்டு, எது உருளும், எது சறுக்கும், எது ஒரு பக்கம் வைத்தால் உருண்டு மறுபக்கம் வைத்தால் நிற்கும் என்று பார்க்கச் சொன்னால், பெயர் தெரிவதற்கு முன்பே பொருள்களின் குணம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் பெரியவர்களே செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். "வட்டமாக இருப்பது என்ன?" என்ற கேள்விக்கு லட்டு, பந்து, நிலா என்று விடை எழுதும் பயிற்சித் தாள்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. லட்டு வட்டமன்று, கோளம். தோசைக்கல்லின் விளிம்பு வட்டம், வளையல் வட்டம். பிள்ளையின் வாயில் "லட்டு வட்டம்" என்று வந்தால் திருத்திக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரின் வாயில் அது வரக்கூடாது.

கனவடிவத்திலிருந்து தள வடிவத்துக்கு வருவதற்கு அச்சுப் பதிப்பதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. அகன்ற தட்டில் மஞ்சள் தூளையோ போஸ்டர் வண்ணத்தையோ கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வைத்துக்கொண்டு, தீப்பெட்டியின் ஒவ்வொரு முகத்தையும் தோய்த்துத் தாளில் பதிக்கச் சொல்லுங்கள். ஒரே தீப்பெட்டி மூன்று வெவ்வேறு அளவுச் செவ்வகங்களைத் தரும், ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துக் கூச்சலிடுவார்கள். டம்ளரைக் கவிழ்த்துப் பதித்தால் வட்டம் கிடைக்கும்; எலுமிச்சையை அறுக்காமல் பதித்தால் ஒரு பொட்டுதான் விழும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பதித்துப் பாருங்கள்: பெரும்பாலான காய்களில் ஐந்து மூலைகள் வரும், அபூர்வமாக ஆறு ஏழும் வரும். ஐங்கோணம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்ததைவிட வெண்டைக்காய் சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளின் மனத்தில் நின்றது.

அடுத்ததாகத் தொடுதல். துணிப்பைக்குள் தடித்த அட்டையில் வெட்டிய வடிவங்களைப் போட்டு, பார்க்காமல் கையை மட்டும் உள்ளே விட்டு, தொட்டுப் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று விளையாடச் செய்யலாம். பைக்குள் கைவிட்ட பிள்ளைக்கு எது மேல், எது கீழ் என்பது தெரியாது. ஆகவே தோற்றத்தை நம்ப வழியில்லாமல் விளிம்பையும் முனையையும் எண்ணத் தொடங்குகிறது. "மூணு எடத்துல குத்துது" என்று ஒரு சிறுமி சொன்னாள். முக்கோணத்துக்கு அந்த வயதில் அதைவிட நல்ல இலக்கணம் வேண்டாம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையில், சட்டத்துக்குள் பொருந்தும் மரவடிவங்களின் விளிம்பை இரண்டு விரல்களால் தடவிச் சுற்றிவரச் செய்வதற்கும் இதே காரணம்தான்: கண் ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறுவதில்லை.

முக்கோணமும் முக்கோணம் அல்லாதவையும்

முக்கோணத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், ஒரே ஒரு முக்கோணத்தைக் காட்டி அந்த நாளை வீணாக்கக்கூடாது. ஊசிபோல ஒல்லியானது, அகன்று குட்டையானது, ஒரு பக்கமாகச் சரிந்தது, தலைகீழானது என்று பத்துப் பன்னிரண்டு முக்கோண அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றோடு, முக்கோணத்தைப்போலத் தோன்றும் ஆனால் முக்கோணம் அல்லாத ஐந்தாறு அட்டைகளையும் கலந்து வைக்க வேண்டும்: ஒரு பக்கம் வளைந்தது, ஒரு மூலை மழுங்கியது, ஒரு பக்கம் மூடாமல் திறந்திருக்கும்படி வரைந்தது, உச்சியைச் சிறிதே நறுக்கியதால் நான்கு பக்கமாகிவிட்டது. பிள்ளைகள் இவற்றை இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். சரியாகப் பிரித்தார்களா என்பதைவிட, "இதை ஏன் இங்கே போட்டாய்?" என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் விடைதான் பாடம். "பார்க்க அப்படி இல்லை" என்பது முதற்படியின் விடை; "இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு" என்பது அடுத்த படியின் விடை. இரண்டாவது வகை விடை ஒரு பிள்ளையிடமிருந்து வந்ததும் அதையே வகுப்பின் விதியாகக் கரும்பலகையில் எழுதிவிடலாம்.

பிள்ளைகளின் சொற்களையே முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் "கட்டம்" என்பார்கள், "குத்துற எடம்" என்பார்கள். பொருள் தெளிந்த பிறகு முனை, பக்கம், விளிம்பு என்ற பாடநூல் சொற்களைப் பக்கத்தில் வைத்தால் போதும். தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு: முக்கோணம், நாற்கரம், ஐங்கோணம், அறுகோணம் என்ற பெயர்களுக்குள்ளேயே எண் இருக்கிறது, எண்ணத் தெரிந்த பிள்ளை பெயரைப் பிரித்துப் பார்த்தே வடிவத்தை ஊகித்துவிடும்.

சதுரம் ஒரு செவ்வகமா என்ற கேள்வி எப்படியும் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை நிறுவிக்காட்ட வேண்டியதில்லை. ஆனால் "செவ்வகத்துக்கு இரண்டு பக்கம் நீளம், இரண்டு பக்கம் குட்டை, அதனால் சதுரம் செவ்வகம் ஆகாது" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். நான்காண்டு கழித்து வேறோர் ஆசிரியர் அதைப் பிடுங்கி எறியப் படாதபாடு படுவார். "எல்லாப் பக்கமும் சமமாக அமைந்துவிட்ட செவ்வகம் சதுரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

தீக்குச்சியும் வால்வு டியூப்பும்

சைக்கிள் கடையில் வால்வு டியூப் என்று கேட்டால் மெல்லிய ரப்பர்க் குழாய் கொடுப்பார்கள். அறிவியல் பொம்மைகளுக்காகப் பெயர்பெற்றவரும் 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான அரவிந்த் குப்தா, இந்தக் குழாயையும் தீக்குச்சியையும் கொண்டே வடிவியல் முழுவதையும் கட்டிக்காட்டியவர். செய்முறை எளிது. தீக்குச்சிகளின் மருந்தைப் பெரியவர் ஒருவர் முன்னதாகவே சுரண்டி அகற்றிவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் விடக்கூடாது. குழாயை ஒன்றரை சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டு, ஒரு துண்டின் இரு வாயிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால், மடங்கும் முழங்கைபோன்ற மூட்டு ஒன்று கிடைக்கும். மூன்று குச்சியும் மூன்று துண்டும் சேர்ந்தால் முக்கோணம்; நான்கும் நான்கும் சேர்ந்தால் சதுரம்.

இப்போது இரண்டையும் விரலால் அழுத்தச் சொல்லுங்கள். முக்கோணம் அசையாது. சதுரமோ ஒரே தள்ளில் சாய்ந்து நசுங்கும். மின்கம்பிக் கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் சட்டங்கள் ஏன் குறுக்கும் நெடுக்குமாக முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பதை ஒரு பிள்ளையாவது அப்போதே கேட்கும். மூலைவிட்டத்துக்கு நீளமான ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துச் சதுரத்தின் குறுக்கே செருகிக் காட்டினால், அதுவும் அசையாமல் நின்றுவிடும்.

நசுங்கிய அந்தச் சதுரத்தை வீணாக்கிவிடாதீர்கள். கோணத்தைப் பேசுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வராது. பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, "பக்கம் எத்தனை?" என்று கேட்டால் நான்கு என்பார்கள். "நீளம் மாறியதா?" இல்லை, அதே குச்சிகள்தான். "பிறகு ஏன் இது சதுரம் இல்லை?" சிறிது நேரம் அமைதி நிலவும். அந்த அமைதியை ஆசிரியர் நிரப்பிவிடக்கூடாது. "மூலை மாறிடுச்சு" என்றோ, "இந்த மூலை சின்னதாயிடுச்சு, அது பெருசாயிடுச்சு" என்றோ யாராவது சொல்வார்கள். சதுரத்தைத் திருப்பியபோது எதுவும் மாறவில்லை. நசுக்கியபோது மூலை மாறியது. மாறிய அந்த ஒன்றுக்குத்தான் கோணம் என்று பெயர். நசுங்கிய வடிவத்துக்குப் பாடநூலில் சாய்சதுரம் என்று பெயர், ஆனால் இந்தப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது: சாய்த்து வைத்த சதுரம்தான் சாய்சதுரம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். குச்சிச் சதுரம் ஒன்றை நசுக்காமல் திருப்பியும், இன்னொன்றைத் திருப்பாமல் நசுக்கியும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகே அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

புள்ளி வைத்துப் பார்த்தல்

கோலம் போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வடிவியல் பாதி தெரிந்துதான் இருக்கும். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளை முனைகளாகக் கொண்டு எத்தனை சதுரம் வரையலாம் என்று கேளுங்கள். சிறிய சதுரம் நான்கும் வெளிச்சதுரம் ஒன்றுமாக ஐந்து என்று விரைவில் சொல்லிவிடுவார்கள். ஆறாவது ஒன்று இருக்கிறது: நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால், முனையில் நிற்கும் சதுரம் ஒன்று கிடைக்கும். "டைமண்ட்" என்று ஒதுக்கியவர்களே அதைக் கண்டுபிடித்துச் சதுரக் கணக்கில் சேர்க்கும்போது முதல் நாளின் பிழை தானாகவே கரைந்துபோகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்குக்கு நான்கு புள்ளி கொடுக்கலாம். அதில் சாய்ந்தவையும் சேர்த்து மொத்தம் 20 சதுரங்கள் உண்டு, அவற்றை முழுதும் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்கே அரைமணி நேரம் பிடிக்கும்.

ஊடுபுள்ளியில் 7 முதல் 4 வரை வைத்தால், 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளிகள் வரும். வெளிப்புள்ளிகளை இணைத்தால் அறுகோணம். உள்ளே ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள ஆறு புள்ளிகளை அதனோடும், ஒன்றோடொன்றும் இணைத்தால் ஆறு முக்கோணங்கள் அந்தப் புள்ளியைச் சுற்றி இடைவெளியின்றி அமர்ந்துவிடும். கையால் வைக்கும் புள்ளிகளில் அளவு சிறிது பிசகினாலும் ஆறு என்ற எண்ணிக்கை பிசகாது.

கோணம் என்பது எவ்வளவு திரும்பினோம் என்பது

நசுங்கிய சதுரத்தில் பிள்ளை கண்டது நிற்கும் கோணம், ஒரு மூலை. அதோடு நிறுத்திவிட்டால் கோணம் என்பது கூரான ஒரு பொருள் என்ற எண்ணம் தங்கிவிடும். ஆகவே மறுநாளே எல்லோரையும் எழுப்பி நிற்கவைத்து, கோணத்தை உடம்பால் செய்யவைக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, வலப்பக்கமாகக் கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று, முழுச் சுற்று என்று திரும்பட்டும். கால் கிலோ, அரை லிட்டர் என்று கடையில் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைத் தனியே விளக்க வேண்டியதில்லை. இரண்டு கால் சுற்றுச் சேர்ந்தால் அரைச் சுற்று என்று அவர்களே சொல்வார்கள். வலப்பக்கம் கால் சுற்றுத் திரும்பியவரும் இடப்பக்கம் முக்கால் சுற்றுத் திரும்பியவரும் ஒரே சன்னலைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் எழும் சிரிப்பு அடங்க நேரமாகும்.

பிறகு கதவு. மூடியிருக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தால் சிறிய கோணம்; சுவரோடு சேரத் திறந்தால் பெரிய கோணம். கதவின் கீழ்முனையில் சாக்பீஸை வைத்துப் பிடித்துத் திறந்தால் தரையில் வில்போன்ற கோடு விழும், எவ்வளவு திரும்பியது என்பதைப் பிள்ளை பின்னாலும் பார்க்கலாம்.

ஒரு செங்கோணத்தைப் பிள்ளையே செய்ய வேண்டும். பழைய நாளிதழிலிருந்து, ஓரம் எதுவும் நேராக இல்லாதபடி கோணல் மாணலாகக் கிழித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படியாவது ஒருமுறை மடித்து நகத்தால் அழுத்தினால் நேர்விளிம்பு ஒன்று வரும். அந்த விளிம்பு தன்மேலேயே சரியாகப் படியுமாறு மறுமுறை மடித்து அழுத்தினால், மடிப்புகள் சந்திக்கும் மூலை செங்கோணமாக இருக்கும். எவ்வளவு அலங்கோலமான தாளிலிருந்தும் இது வரும் என்பதே பிள்ளைகளுக்கு வியப்பு. தாளை முழுவதும் விரித்தால், ஒரு புள்ளியைச் சுற்றி ஒரே அளவான நான்கு மூலைகள் தெரியும். நான்கு கால் சுற்று ஒரு முழுச் சுற்று என்று நேற்று உடம்பால் செய்ததைத் தாளில் பார்க்கிறார்கள். தாள் மடிப்பிலேயே வடிவியலைக் கற்பிக்கலாம் என்பதற்கு, சுந்தர ராவ் என்பவர் 1893இல் சென்னையில் ஆங்கில நூல் ஒன்றையே வெளியிட்டார். மழலையர் பள்ளியின் தாள் மடிப்பு விளையாட்டே தமக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்று அவர் அதில் எழுதியிருக்கிறார்.

மடித்த தாளைக் கையில் கொடுத்து வேட்டைக்கு அனுப்புங்கள். புத்தக மூலை, சன்னல், தரை ஓடு, மேசைக்கால் என்று எங்கெல்லாம் தாள் சரியாகப் பொருந்துகிறதோ அங்கெல்லாம் செங்கோணம். பொருந்தாத இடங்களும் அகப்படும். எங்கள் வகுப்பறையின் அலமாரிக் கதவு சாய்ந்து தொங்குவதை இந்தத் தாள்தான் வெளியே கொண்டுவந்தது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்ற பழமொழியை அன்று சொன்னேன். கூடம் உண்மையிலேயே கோணலா என்று பார்க்கத் தாள் இருக்கிறதே என்று ஒரு பையன் பதில் சொன்னான். அருகில் கட்டட வேலை நடந்தால் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கொத்தனார் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைக் காட்டலாம். பெரிய மூலையாக இருந்தால், ஒரு சுவர்க்கோட்டில் 3 அடியும் மறு சுவர்க்கோட்டில் 4 அடியும் குறித்து, குறுக்களவு 5 அடி வருகிறதா என்று டேப்பில் பார்ப்பார்கள். வந்தால் மூலை மட்டம். காரணம் பிள்ளைக்கு இப்போது விளங்காது, விளங்கவும் வேண்டாம்.

தாளின் மூலையைவிடச் சிறியது குறுங்கோணம், பெரியது விரிகோணம் என்ற பெயர்கள் இதன் பிறகு தாமாகவே ஒட்டிக்கொள்ளும். செங்கோணம் என்பதில் உள்ள "செம்", செங்குத்து என்பதில் உள்ளதுபோல, நேர்மையைக் குறிப்பது. சிவப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவைப்பது நல்லது, ஏனெனில் சிவப்பு வண்ணத்தால் தீட்டிக் கொண்டுவந்த பிள்ளை எனக்கு உண்டு. குறுங்கோணத்தை இலங்கைப் பாடநூல்கள் கூர்ங்கோணம் என்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே பொருத்தமானது என்பது என் எண்ணம்; "குறு" என்றதும் கோடுகள் குட்டையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பம் கோணப் பாடத்தில் மிக அழுத்தமானது. ஆகவே சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு கோணங்களை, ஒன்றை நீண்ட கோடுகளாலும் மற்றொன்றைக் குட்டைக் கோடுகளாலும் வரைந்து, எது பெரியது என்று கேட்டால், நீண்ட கோடுள்ளதையே பெரும்பாலான பிள்ளைகள் காட்டுவார்கள். அதைச் சொல்லித் திருத்த முடியாது. குட்டைக் கோணத்தை எண்ணெய் தடவிய மெல்லிய தாளில் படியெடுத்து, நீண்ட கோணத்தின்மேல் முனையோடு முனை சேர வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். பிறகு குட்டைக் கோடுகளை ஸ்கேல் வைத்து நீட்டச் சொல்லுங்கள். கோடு நீண்டாலும் வாய் அகலவில்லை என்பது தெரியும். சிறிய கத்தரிக்கோலை அகலத் திறந்தும், தையற்காரரின் பெரிய கத்தரிக்கோலைச் சிறிதே திறந்தும் பக்கத்தில் பிடித்தால் ஐயம் பெருமளவு தீரும். ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும்.

கடிகாரம் அடுத்த நல்ல துணை. முழு மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 3 மணிக்கும் 9 மணிக்கும் முட்கள் செங்கோணத்தில் நிற்கும். 1, 2, 10, 11 ஆகியவற்றில் குறுங்கோணம். 4, 5, 7, 8 ஆகியவற்றில் விரிகோணம். 6 மணிக்கு நேர்க்கோடு. மூன்றரை மணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: சிறிய முள் 3க்கும் 4க்கும் நடுவே நகர்ந்திருக்கும் என்பதைப் பொம்மைக் கடிகாரங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை, பிள்ளை அங்கே செங்கோணம் என்று பிழையாகப் பதித்துக்கொள்ளும்.

கோணமானியும் பாகை எண்களும் இந்த வயதுக்கு வேண்டியதில்லை. 90 என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு எது 90 என்று தெரியாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டு வயதை எட்டியவர்களுக்கு மட்டும் ஒரு கடைசி விளையாட்டைக் கொடுக்கலாம். ஆளுக்கொரு முக்கோணத்தைத் தங்கள் விருப்பப்படி வெட்டி, மூன்று மூலைகளிலும் வண்ணம் தீட்டி, மூலைகளைத் தனித்தனியே கிழித்தெடுக்க வேண்டும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிப்பது முக்கியம். வெட்டினால் எது பழைய மூலை, எது புதிதாக வெட்டியது என்று குழம்பிவிடும். மூன்று முனைகளையும் ஒரு புள்ளியில் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் விளிம்பு நேர்க்கோடாகிவிடும். ஒல்லி முக்கோணம் வெட்டியவருக்கும் அதேதான், சரிந்த முக்கோணம் வெட்டியவருக்கும் அதேதான். தனக்கு வராது என்று அடம்பிடித்து மூன்று முக்கோணங்களைக் கிழித்துப் பார்த்த பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று அறிய எழுத்துத் தேர்வு வைக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஒரு முக்கோணம் வரை" என்று சொல்லுங்கள். வரைந்ததும், "இதைப்போல இல்லாத வேறொரு முக்கோணம் வரை" என்று சொல்லுங்கள். பிறகு மறுபடியும் "இரண்டையும்போல இல்லாதது ஒன்று" என்று கேளுங்கள். முதல் முக்கோணத்தையே பெரிதாகவும் சிறிதாகவும் வரைந்து கொடுக்கும் பிள்ளை இன்னும் கோபுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குத் துணிப்பையும் அட்டைகளும் இன்னும் ஒரு வாரம் வேண்டும். தலைகீழாகவோ சரித்தோ வரைந்த பிள்ளைக்குத் தீக்குச்சிகளைக் கொடுக்கலாம். மூன்றாவது தாளில் மூலையை அகலப்படுத்தி, "இதுல இந்த வாய் பெருசு" என்று விரலால் காட்டிக் கொடுத்த பிள்ளைக்கு, மடித்த தாளை எடுத்துக்கொண்டு அந்த வாய் செங்கோணத்தைவிட எவ்வளவு பெரியது என்று பார்க்கச் சொல்லுங்கள்.